யாகேல் வீட்டுப் பால்

கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னால் அணைக்கிறேன். கோயில் பீடத்தில் கை வைக்கச் சொன்னால் வைக்கிறேன். பெற்ற பிள்ளைகள் தலையில் அடித்துச் சொல்லச் சொன்னால், அவர்கள் இப்போது என்னைவிட உயரம், ஒரு முக்காலி கொடுங்கள், அதையும் செய்கிறேன். கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. ஓர் அடிகூடக் கூடுதலாக விழுந்ததாக எழுதவில்லை. சில அடிகளைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன், வாசிக்கிறவர்களில் இதயம் பலவீனமானவர்கள் இருக்கலாம் என்பதற்காக.

அருண்ராஜ் புனேயில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன். கட்கியில் பீரங்கிக் குண்டு செய்கிற இடத்தில், குண்டின் மூக்கை மரை பார்த்துப் பூட்டுகிற வேலை. அங்கே கை நடுங்கினால் கூரை இருக்காது, கூரைக்குக் கீழே இருக்கிறவர்களும் இருக்க மாட்டார்கள். அருண்ராஜ் கை நடுங்கியதே இல்லை. பூட்டும்போது கொட்டாவி விடுவான். மேலதிகாரிகள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

வெடிகுண்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க எவரும் வரவில்லை. சாதகம் பொருந்தி, சம்பளம் பொருந்தி, வேலை என்ன என்று கேட்டதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர்கள்தான் அதிகம். அப்பா மாடசாமி முருகன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார், அம்மா மேரி தமிழ்ச் சபையில் ஜெபம் வைத்தாள். சின்ன வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில், அருண்ராஜ் இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் படுத்துத் தூங்கப் பழகியிருந்தான். தங்கை எஸ்தர்தான் அம்மா பக்கம் போனாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். ரத்தம் வருகிற கதையாகப் பார்த்துச் சொல்வாள். பிள்ளைகள் ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை.

கடைசியில் ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் ஜம்புநாதன், மாடசாமியின் பழைய சிநேகிதர். ராத்திரியில் ஒரு கம்பெனி வாசலில் காவல், பகலில் கல்யாணத் தரகு. எப்போது தூங்குகிறார் என்று அவருக்கே தெரியாது.

"பொண்ணு பேரு யாகேல்," என்றார். "கோந்த்வாவுல மண்டப் போடற குடும்பம். ஊர்ப் பக்கம் பந்தல்காரான்னு சொல்லுவோமே, அதேதான். பொண்ணு பி.காம். லாரியும் ஓட்டுவா."

"அது என்னவே யாகேலு? வாயில நொழைய மாட்டேங்கு," என்றார் மாடசாமி.

அருண்ராஜ் போனில் தேடினான். எபிரேயப் பெயர், மலையாடு என்று அர்த்தம் என்று போட்டிருந்தது. அவன் மனதுக்குள் ஒரு மலை வந்தது. மலையின் மேல் மருண்ட கண்ணோடு ஓர் ஆடு வந்து நின்றது. அவனுக்கு வெட்கம் வந்தது.

"மலையாடுப்பா. ஏக்தம், ரொம்ப ரொம்பச் சாதுவான பேர்," என்றான்.

அடுக்களையிலிருந்து எஸ்தர் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள்.

"அண்ணா, அந்தப் பேர மொதல்ல வச்சிருந்தவ என்ன செஞ்சான்னு தெரியுமா? போர்ல தோத்துப்போன சேனாதிபதி ஒருத்தன் ஓடி வந்தான். கூடாரத்து வாசல்ல இவ நின்னா. உள்ள வாங்க, பயப்படாதீங்கன்னா. அவன் தண்ணி கேட்டான். இவ பால் குடுத்தா. குடிச்சிட்டுப் படுத்தான். போர்த்திவிட்டா."

"நல்ல பொண்ணுதானே?"

"கேளு. அவன் தூங்கினதும் ஒரு கையில கூடாரத்து முளைய எடுத்தா, ஒரு கையில சுத்தியல எடுத்தா. நெத்திப்பொட்டுல வச்சு அடிச்சா பாரு, இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் வந்து தரையில எறங்கிருச்சு. இந்த எடத்துல எங்க கிளாஸ்ல பசங்க எல்லாம் கை தட்டுவாங்க."

அருண்ராஜ் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பேருல என்ன இருக்கு? எம் பேரும்தான் மேரி. ஒன்ன மாட்டுத் தொழுவத்துலயா பெத்தேன்? ஆஸ்பத்திரில ஃபேனுக்குக் கீழதான பெத்தேன்," என்றாள் அம்மா.

அருண்ராஜ் ஜம்புநாதனிடம் திரும்பினான். "மாமா, மண்டப்னா அதுல முளை இருக்குமா?"

"முளை இல்லாம கூடாரம் எப்படிடா அம்பி நிக்கும்? அவா ஆத்துல குடோன் பூரா முளைதான்."

அன்றிலிருந்து அருண்ராஜுக்கு இரண்டே கவலை. இந்த இடத்தை விட்டால் வேறு இடம் வராது. இந்த இடத்துக்குப் போனால் மண்டை திரும்பி வராது.

குடும்பத்தோடு ஆட்டோவில் பெண் பார்க்கப் போன சனிக்கிழமை, கோந்த்வா போகிற வழியெல்லாம் ஜம்புநாதன் அந்தக் குடும்பத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ராக்காவல் முடித்து நேராக வந்திருந்ததால், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே குறட்டை விட்டார்.

குடும்பத்தை ஆரம்பித்தவர் ஞானமுத்து என்கிற கூடாரத் தையல்காரர். பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்க திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கமிருந்து வந்தவர். அவருக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் யாகேல் என்றே பெயர் வைத்தார். ஒரு தடவை கூப்பிட்டால் மூன்று பேரும் ஓடிவருவார்கள், கூடாரத்தின் மூன்று மூலையும் ஒரே நேரத்தில் நிமிரும், நாலாவது மூலையை அவரே பார்த்துக்கொள்வார். கட்டிக் கொடுத்த பிறகு ஊரைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

மூத்தவள் கோந்த்வா யாகேல், பெண்ணின் அம்மா. மாமூல் கேட்டு வந்த ரவுடியின் செருப்பை முளையால் தரையோடு சேர்த்து அறைந்தவள். செருப்புக்குள் கால் இருந்தது. அறைந்த கையோடு அவனுக்கு டீ கொடுத்தாள். அவன் இப்போது அதே இடத்தில் பான் கடை வைத்திருக்கிறான். நகர முடியாததால் வியாபாரம் நன்றாக நடக்கிறது.

நடுவில் சிஞ்ச்வட் யாகேல். கார் உதிரிபாகம் செய்கிற பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறாள். தோளில் கை வைத்த ஃபோர்மேனின் கழுத்து டையை எடுத்து மெஷினில் வைத்தாள். மெஷின் அதன் வேலையைச் செய்தது. அந்த ஃபோர்மேனை இன்றும் நேராகப் பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது.

கடைசியில் கடக்வாஸ்லா யாகேல். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கரும்புக்காட்டிலிருந்து சிறுத்தை வந்துவிட்டது. அவள் கையில் இருந்த சம்மட்டியால் புருவ மத்தியில் ஒன்று வைத்தாள். அந்தச் சிறுத்தைக்கு அதிலிருந்து மாறுகண். ஓர் ஆட்டைக் குறிவைத்துப் பாய்ந்தால் பக்கத்தில் இருக்கிற மரத்தில் போய் முட்டிக்கொள்கிறது. அந்த வட்டாரத்து ஆடுகள் அதைப் பார்க்கவே வருகின்றன.

"நாலாவது?" என்றான் அருண்ராஜ். குரல் ஆட்டோ சத்தத்தில் பாதி காணாமல் போனது.

"நாலாவது நம்ம பொண்ணு, சின்ன யாகேல். ரொம்ப அமரிக்கை. இதுவரைக்கும் யாரையும் பெருசா ஒண்ணும் பண்ணலை," என்று சொல்லிவிட்டு ஜம்புநாதன் முழுக் குறட்டைக்குள் இறங்கினார்.

வீடு இரண்டாவது மாடியில். குடோனில் இடம் போதாமல் வீட்டுக்குள்ளும் முளைகள் வந்திருந்தன. குடை வைக்கிற இடத்தில் முளை, காலண்டர் தொங்குகிற இடத்தில் முளை. சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சம்மட்டி, செல்லப் பிராணி மாதிரிப் படுத்திருந்தது. சுவரோரமாக மூன்று யாகேல்களின் புருஷர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மே மாத வெயிலில் மூவருமே குரங்குக் குல்லாய் போட்டு, நெற்றியை மூடியிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அருண்ராஜ் சம்மட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் தண்ணி..." என்றான்.

"கல்யாணம் பேச வந்த எடத்துல தண்ணியா? நல்லா இருக்கே!" என்றாள் கோந்த்வா யாகேல். "ஏட்டி சின்னவளே, மாப்ளைக்குப் பாலு கொண்டா!"

சின்ன யாகேல் பால் கொண்டுவந்தாள். அருண்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்தாள், அது வேறு பயமாக இருந்தது. தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல், குண்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் கை நடுங்கியது.

"என்ன மருமவனே, குடிக்காம கைலயே வச்சிருக்கீய? ஆடை படிஞ்சிரும்லா."

"பால் எனக்கு ஒத்துக்காது அத்தே."

மூன்று யாகேல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று குல்லாய்களும் ஒரே நேரத்தில் குனிந்தன.

"எங்க வீட்டுப் பாலு ஒத்துக்காதாக்கும்?" என்றாள் சிஞ்ச்வட் யாகேல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே.

நிலைமை கெட்டுவிடுமே என்று ஜம்புநாதன் கண்ணைத் திறந்தார். "கொழந்தைக்குக் கூச்சம். கொண்டாடா இப்படி," என்று தம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத மனுஷன், வெதுவெதுப்பான பால், சோபாவுக்குப் பின்னாலிருந்து ஏர் கூலர் காற்று. ஏப்பம் விட்டார். தலை சோபாவின் கைப்பிடியில் சாய்ந்தது. அப்புறம் அசையவில்லை. குறட்டைகூட வரவில்லை.

அருண்ராஜ் எஸ்தரைப் பார்த்தான். எஸ்தர் ஆர்வத்தோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சின்ன யாகேல் உள்ளே போனாள். ஒரு போர்வையோடு திரும்பி வந்து, ஜம்புநாதனைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"பசங்க இங்கதான் மூச்சப் பிடிப்பாங்க," என்றாள் எஸ்தர், மெதுவாக.

சின்ன யாகேல் காலண்டருக்குக் கீழே இருந்த முளையை ஒரு கையில் எடுத்தாள். படுத்திருந்த சம்மட்டியை மறு கையில் தூக்கினாள். சோபாவுக்குப் பின்னால் போய், ஜம்புநாதனின் காதோரமாகக் குந்தி உட்கார்ந்து, சம்மட்டியை ஓங்கினாள்.

அருண்ராஜ் பாய்ந்தான்.

ஏன் பாய்ந்தான் என்று அவனுக்குத் தெரியாது. கதவு பக்கம் பாய்வதற்காகத்தான் எழுந்தான், கால் வேறு பக்கம் போய்விட்டது என்று பிறகு சொன்னான். சோபாவைத் தாண்டி, ஜம்புநாதனைத் தாண்டி, "மாமாவ விட்ருடி!" என்று அலறிக்கொண்டு அவள் மேல் போய் விழுந்தான். ஓங்கின சம்மட்டி ஓங்கின வேகத்தில் பின்னால் போய்க் கூலரைப் பிளந்தது. கூலர் தண்ணீர் வீடு முழுக்கப் பாய்ந்தது. முன்பின் தெரியாத ஆண் மேலே விழுந்தால் அந்த வீட்டுப் பெண் என்ன செய்வாளோ அதைச் சின்ன யாகேல் செய்தாள். முழங்கையால் அவன் தாடையில் ஒன்று கொடுத்தாள். இரண்டு பற்கள் பறந்து கேசரித் தட்டில் விழுந்தன. ஒரு குல்லாய்க்காரர் முந்திரி என்று நினைத்து எடுத்துக்கொண்டார்.

"எம் பிள்ளயவா அடிக்க!" என்று மேரி எவர்சில்வர் செம்பைத் தூக்கிக் கோந்த்வா யாகேலின் உச்சந்தலையில் போட்டாள். செம்பு தட்டையானது. கோந்த்வா யாகேல் தலையைத் தடவிக்கொண்டு, "சம்பந்தியம்மா, கையில நல்ல வலு இருக்கு," என்று பாராட்டிவிட்டு, மேரியைச் சுருட்டி ஒரு கூடாரத் துணிக்குள் வைத்து இரண்டு பக்கமும் கயிறு கட்டினாள். மாடசாமி ஒரு மூங்கிலை எடுத்துச் சுழற்றினார். சுழற்றின வேகத்தில் டியூப் லைட் போனது, கண்ணாடி அலமாரி போனது, மூன்று குல்லாய்களும் பறந்தன. அருண்ராஜ் தரையில் கிடந்தபடியே அந்த நெற்றிகளை அவசரமாகப் பார்த்தான். மூன்றும் சும்மா நெற்றிகள். வழுக்கைக்காகத்தான் குல்லாய். கடக்வாஸ்லா யாகேல் மாடசாமியை இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி, ஊஞ்சல் கொக்கியில் மாட்டிவிட்டாள். அவர் அங்கேயும் மூங்கிலை விடவில்லை. சுற்றிக்கொண்டே அடித்தார்.

எஸ்தரும் சிஞ்ச்வட் யாகேலும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்தபடி வராந்தாவுக்குப் போய், படியில் உருண்டு கீழ் மாடி வரை போய், மேலே ஏறி வந்து மறுபடியும் உருண்டார்கள். இரண்டாவது தடவை உருண்டது ஆசைக்காக.

இடையில் அருண்ராஜ் எழுந்துகொள்ளப் பார்த்தான். சின்ன யாகேல் அவன் வலது கையை முறுக்கினாள். உள்ளே எலும்பு ஒடிந்த சத்தம் தெருவரை கேட்டு, பான் கடைக்காரன் பட்டாசு என்று நினைத்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இருந்தும் அவன் ஒற்றைக் கையால் சம்மட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எதுக்குய்யா இப்படித் தொங்குதீய?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"மாமா நெத்தியில அடிக்கப் போனியே!"

"கூலர் ஸ்டாண்டு கால் ஆடிச்சு. கடகடன்னு சத்தம். பாவம், பெரியவரு முழிச்சிருவாரேன்னு முளைய அடிச்சு முட்டுக் குடுக்கப் போனேன்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். மாடசாமி மட்டும் கொக்கியில் மெதுவாகச் சுற்றினார். எல்லோரும் ஜம்புநாதனைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கண்ணாடித் துண்டுகளும் கேசரியும் இருந்தன. போர்வைக்குள் புரண்டு படுத்து, "தட்சிணை என்ன தருவேள்?" என்று தூக்கத்திலேயே கேட்டார்.

கோந்த்வா யாகேல் அருண்ராஜின் அருகில் வந்து குனிந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவன் எல்லாம் தந் தலையக் காப்பாத்திக்கிட்டு ஓடினவந்தான்," என்றாள் தங்கைகளிடம். "இவன் ஒருத்தந்தான் அடுத்தவன் தலைக்காக நம்ம மேல பாஞ்சிருக்கான்."

கீழ் வீட்டு மராத்திக்காரர் படியில் நின்று, "காய் ஜாலா?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று.

"முல்கா பஸந்த் ஆஹே!" என்று மூன்று யாகேல்களும் ஒரே குரலில் கத்தினார்கள். பையனைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அருண்ராஜைக் கேட்டார்கள். அவனுக்குத் தாடை வீங்கியிருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை என்று மாடசாமி சொல்வார். மேரி சொல்வது வேறு: அவள் ஈரத் துணியால் அவன் மூக்கைத் துடைத்தபோது அவன் முகத்தில் ஒரு இளிப்பு இருந்தது, இளிப்பில் இரண்டு பல் இல்லை, ஆனாலும் அது இளிப்புதான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மற்ற வீடுகளில் பந்தக்கால் நடுவார்கள். ஞானமுத்து வீட்டில் முளையடிப்பு. கல்யாணக் கூடாரத்தின் முதல் முளையைப் பெண்தான் அடிக்க வேண்டும். அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் மாப்பிள்ளை. வெறும் கையால். கையை எடுத்துவிட்டால் மறுநாள் கல்யாணம் கிடையாது.

கடக்வாஸ்லா அணைக்குப் பக்கத்து மைதானத்தில் அந்தச் சடங்கு நடந்தது. அருண்ராஜின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் முளையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். அப்போது பெண்ணின் அப்பா அவன் பக்கத்தில் வந்து குந்தினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அசையாதீய," என்றார். "நான் அசைஞ்சேன்."

வலது கையை விரித்துக் காட்டினார். அதில் மூன்று விரல்தான் இருந்தது. காட்டிவிட்டுக் கையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சின்ன யாகேல் சம்மட்டியை எடுத்தாள். அது அவள் தோளைத் தாண்டி மேலே போனது. அருண்ராஜ் அவளையே பார்த்தான். இந்தக் கை போனால் குண்டு பூட்ட முடியாது. இந்தக் கையை எடுத்தால் இவள் இல்லை.

"பயமா இருக்கா?" என்றாள்.

"குண்டுக்கே பயந்ததில்ல. உனக்குத்தான் பயப்படறேன்."

"அப்பிடின்னா கண்ண மூடிக்கோங்க."

"மூட மாட்டேன். அடி."

அடித்தாள். முளை அவன் விரல்களுக்கு நடுவே வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி, தரைக்குள் போய், போன இடம் தெரியவில்லை. அருண்ராஜின் விரல்கள் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தான், ஒன்று கூடுதலாகக்கூட இருக்கிற மாதிரித் தோன்றியது. மைதானத்துக்கு அடியில் ஏதோ ஒரு பெரிய தண்ணீர்க் குழாய் போயிருக்கிறது. முளை அதைத் துளைத்தது. பனை உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டு, மண்டப் லாரியைத் தூக்கி, மைதானத்தின் மறு ஓரத்தில் நடந்துகொண்டிருந்த இன்னொரு கல்யாணத்தின் பந்திக்கு நடுவில் வைத்தது.

பந்தியில் இருந்தவர்கள் மூங்கிலோடு வந்தார்கள். அதன் பிறகு நடந்த சண்டையை முழுசாக எழுதக் காகிதம் போதாது. கோந்த்வா யாகேல் ஒரு கையில் ஒரு சமையல்காரனையும் மறு கையில் அவன் கரண்டியையும் வைத்துக்கொண்டு, இரண்டாலும் அடித்தாள். சிஞ்ச்வட் யாகேல் அடித்தவர்கள் எல்லோரும் ஒரே அளவுக்குத் தட்டையாக வந்தார்கள், தொழில் பழக்கம். அந்தப் பக்கத்து மாப்பிள்ளை குதிரையோடு தப்பி ஓடினான், குதிரை மட்டும் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டது. அருண்ராஜ் மாவுக்கட்டையே ஆயுதமாக வைத்துச் சுழன்றான். மாவுக்கட்டு உடைந்தது. எதிராளிகளின் மண்டைகளும் அதே சமயத்தில் உடைந்ததால் எது எந்தச் சத்தம் என்று தெரியவில்லை. பொழுது விடிந்தும் சண்டை முடியாததால், சபைப் போதகரான ஐயர் அங்கேயே வந்து ஒரு கவிழ்ந்த அண்டா மேல் ஏறி நின்று கல்யாணத்தை நடத்தினார்.

"இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

ஒரு மூங்கில் வந்தது. அருண்ராஜ் தலையைக் குனிந்தான். சம்மதம் என்று ஐயர் எடுத்துக்கொண்டார்.

"இவரைப் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

"இவரு மேல வந்த மூங்கிலப் புடிச்சிருக்கேன், கேக்கீயளே," என்றாள் சின்ன யாகேல்.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார்கள். கட்கியில் மாடசாமி வீட்டு வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து, உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்து, பால் பழம் கொடுக்கிற நேரம் வந்தது. சின்ன யாகேல் தானே போய்ப் பால் காய்ச்சி எடுத்துவந்தாள். சம்மட்டி சீதனத்தோடு வந்து கதவோரம் இருந்தது. எல்லோரும் அருண்ராஜையே பார்த்தார்கள். எஸ்தர்கூடச் சிரிக்கவில்லை.

அருண்ராஜ் தம்ளரை வாங்கினான். உள்ளே பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் உதட்டில் ஒரு காயம், ரத்தம் காய்ந்திருந்தது. அது அவனை நோக்கி வந்த கல்லை இடையில் புகுந்து வாங்கிக்கொண்டதால் வந்த காயம்.

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான்.

குடித்ததும் அந்தப் பாயிலேயே சாய்ந்தான். அவள் போர்த்திவிட்டாள். அன்று மத்தியானம் தூங்கினவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான். கண் விழித்தபோது அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சம்மட்டி இருந்தது. கதவுக்கு வெளியே மயங்கிக் கிடந்தவர்களில் கேஸ் சிலிண்டர்காரன், கேபிள்காரன், மொய் வைக்க வந்த மாமா ஒருவர், மாடசாமி எல்லோரும் இருந்தார்கள்.

"என்ன யாகேல் இது?" என்றான்.

"பெல் அடிச்சாவ. நீங்க முழிச்சிருவியளேன்னு," என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் கட்கியிலேயே குடித்தனம் நடத்தினார்கள். பெண் குழந்தை பிறந்தது, என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அது தொட்டில் கம்பியை வளைத்தது. அருண்ராஜ் தினமும் ஒரு தம்ளர் பால் குடித்து, நிம்மதியாகத் தூங்கி, நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறான்.

கற்பூரத்தை அணைக்காமல் சொல்வதென்றால், அருண்ராஜுக்கு வருகிற மாசியோடு நாற்பத்தாறு வயது முடிகிறது; இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.